உறையைப் பிரிக்கும் கைகள்

பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது இழிசெயல் என்று நமக்கு யாரும் பள்ளியில் பாடம் நடத்தியதில்லை. ஆயினும் நம் தலைமுறையினர் அனைவரும் அதை அறிந்திருந்தோம். மேசைமீது ஒட்டிய உறை ஒன்று கிடந்து, அதன்மேல் எழுதியிருப்பது நம் பெயர் இல்லையென்றால், கை தானாகவே விலகிக்கொண்டது. ஓர் உறையை மூடியிருப்பது சிறிதளவு பசையே. அதை உடைக்க வலிமை ஏதும் தேவையில்லை. உடைக்காமல் இருப்பதற்குத்தான் பண்பாடு தேவைப்பட்டது.

இன்று நாம் உறையிட்டு ஒட்டுவது அரிதாகிவிட்டது. நம் கடிதமும் நிழற்படமும், நோய்க்குறிப்பும் வங்கிக் கணக்கும், குடும்பத்துச் சண்டையும் சமாதானமும் கைப்பேசியின் வழியே போய்வருகின்றன. இணையத்தில் மனிதருக்கு உள்ள உரிமைகள் என்று பேசப்படுபவை கணினியோடு சேர்ந்து பிறந்த புதுமைகள் என்றே பலரும் எண்ணுகின்றனர். வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போமாயின், அவை அந்தப் பழைய உறையிலிருந்து வளர்ந்தவை என்பது புலனாகும். அந்த உரிமையோடு கூடவே வளர்ந்திருக்க வேண்டிய கடமை ஒன்று பின்தங்கிவிட்டது என்பதும் அப்போது புலனாகும்.

மணல் துகள்கள் சொன்ன சான்று

கி.பி. 1840-இல் ரோலண்ட் ஹில் என்பவரின் முயற்சியால் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல்முறை நடைமுறைக்கு வந்தது. தொலைவு எதுவாயினும் கட்டணம் ஒன்றே. அதுவரை வசதி படைத்தோருக்கே எளிதாயிருந்த கடிதப் போக்குவரத்து, கூலித் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் கைக்கெட்டியது. எளிய மக்கள் தம் உள்ளத்தைத் தாளில் இறக்கி, அதை மூடி, அரசின் கையில் நம்பிக்கையோடு ஒப்படைத்தனர். அந்த நம்பிக்கை நான்கே ஆண்டுகளில் சோதனைக்கு உள்ளாயிற்று.

இத்தாலியின் விடுதலைக்காகப் போராடி, நாடிழந்து, 1837 முதல் இலண்டனில் வாழ்ந்தவர் மாஜினி. அவருடைய சபதத்தைப் பாரதியார் தமிழில் பாடியமையால் நமக்கும் அறிமுகமானவர். தமக்கு வரும் கடிதங்களை யாரோ பிரித்துப் படிக்கின்றனர் என்று 1844-இல் அவர் ஐயுற்றார். உறைக்குள் மணல் துகள்களையும் கசகசாவையும் தலைமயிர் இழைகளையும் இட்டு அனுப்புமாறு நண்பர்களுக்குச் சொன்னார். உறைகள் வந்தன, ஒட்டியபடியே வந்தன, உள்ளே இட்டவை மட்டும் இல்லை.

அவர் சார்பில் தாமஸ் டன்கம் என்னும் உறுப்பினர் நாடாளுமன்றத்தில் மனு அளித்தார். உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரஹாமின் ஆணைப்படியே கடிதங்கள் பிரிக்கப்பட்டன என்பது வெளிப்பட்டது. கிடைத்த செய்திகளுள் சில வெளிநாட்டு அரசுக்கும் தெரிவிக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டு ஜூலையில் பந்தியேரா சகோதரர் இருவர் இத்தாலியின் தென்பகுதியில் புரட்சிக்கு முயன்று, பிடிபட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களைக் காட்டிக்கொடுத்தது இலண்டனில் பிரிக்கப்பட்ட உறைகளே என்று மாஜினியின் நண்பர்கள் குமுறினர். ஆங்கிலேயர் தம் உறைகளின்மேல், இதைக் 'கிரஹாம்' செய்யலாகாது என்று கேலியாக எழுதத் தொடங்கினர். ஓர் அமைச்சரின் பெயரே இழிசெயலுக்கு வினைச்சொல் ஆகிவிட்டது. அஞ்சலகத்துக்குள் நெடுங்காலமாக இயங்கிவந்த இரகசிய அலுவலகம் அவ்வாண்டே மூடப்பட்டது. எனினும், ஆணை பிறப்பித்துக் கடிதத்தைப் பிரிக்கும் அதிகாரத்தை அரசு கைவிடவில்லை. இதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். இந்த வரலாற்றில் எந்த வெற்றியும் முழு வெற்றியன்று.

நம் மண்ணில்

இந்தியாவில் 1854-இல் நாடு முழுவதற்கும் ஒரே அஞ்சல் கட்டணம் வந்தது. அதற்குப் பின்னால் 1885-இல் தந்திச் சட்டமும் 1898-இல் அஞ்சலகச் சட்டமும் வந்தன. மக்களின் செய்தியைக் கொண்டுசேர்க்கும் அதே சட்டங்கள், பொது அமைதி, அவசரநிலை என்னும் காரணங்களுக்காக அச்செய்தியை வழிமறிக்கவும் ஆட்சியாளருக்கு இடம் தந்தன. மாஜினியைப் பாடிய பாரதியாரே இதன் சுமையைச் சுமந்தவர். 1908-இல் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்து அவர் நடத்திய 'இந்தியா' இதழ், ஆங்கிலேயர் ஆண்ட பகுதிக்குள் நுழையாதவாறு தடுக்கப்பட்டு, 1910-இல் நின்றுபோயிற்று.

நாடு விடுதலை அடைந்த பின்னும் சட்டங்கள் அப்படியே நின்றன. 1954-இல் எட்டு நீதிபதிகளும், 1962-இல் ஆறு நீதிபதிகளும் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வுகள், அந்தரங்கம் என்பது அரசமைப்புச் சட்டம் தரும் தனியொரு உரிமையன்று என்னும் பொருள்படத் தீர்ப்பளித்தன. பின்னது கரக் சிங் என்பவரின் வழக்கு. நள்ளிரவில் காவலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சோதிப்பது தவறு என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் அவரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கவில்லை. மனிதனின் சுதந்திரத்துக்குள் அந்தரங்கமும் அடங்கும் என்று நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அது அன்று சிறுபான்மைக் குரல். ஐம்பத்தைந்து ஆண்டுகள் அது காத்திருக்க வேண்டியிருந்தது.

1986-இல், கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரத்தை மேலும் விரிவாக்கும் மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் தராமல் வைத்துக்கொண்டார். கையொப்பம் இடாத அந்த ஒரு கையால் மசோதா சட்டமாகாமலே போயிற்று. அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக் கேட்கப்பட்ட செய்தி பின்னர் வெளியானபோது, மக்கள் உரிமைகளுக்கான ஒன்றியம் 1991-இல் வழக்குத் தொடுத்தது. வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் தொலைபேசியில் பேசுவது அவருடைய அந்தரங்க வாழ்வின் பகுதியே என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்துறைச் செயலரின் ஆணை வேண்டும். அந்த ஆணைக்குக் கால வரம்பு வேண்டும். அதைச் சீராய ஒரு குழு வேண்டும் என்று நெறிகளையும் வகுத்தது.

கணினித் திரைக்கு வந்த வழக்கு

2000-ஆம் ஆண்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. 2008-இல் அதைத் திருத்தி 66-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தனர். பிறருக்கு எரிச்சலோ தொல்லையோ தரும் செய்தியைக் கணினி வழியே அனுப்புவோருக்கு மூன்று ஆண்டுவரை சிறை என்றது அப்பிரிவு. எரிச்சல் என்பதற்கு எல்லை ஏது? 2012 நவம்பரில் மும்பையில் பெரும் அரசியல் தலைவர் ஒருவர் மறைந்தபோது நகரமே அடைத்துக் கிடந்தது. அதைப் பற்றிக் கேள்வி எழுப்பி இரண்டு வரி எழுதிய இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட தோழியும் கைது செய்யப்பட்டனர். ஸ்ரேயா சிங்கால் என்னும் சட்ட மாணவி உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2015 மார்ச் 24 அன்று அப்பிரிவு முழுவதும் அரசமைப்புச் சட்டத்துக்கு முரண் என நீக்கப்பட்டது. ஒருவர் சொல் நமக்குக் கசப்பதாலேயே அவரைச் சிறையிலிட இயலாது என்பது உறுதியாயிற்று. ஆனால் செத்த சட்டமும் காவல் நிலையங்களில் நெடுநாள் நடமாடியது. நீக்கப்பட்ட பிரிவின்கீழ் வழக்குகள் தொடர்ந்து பதிவாவதை அறிந்து 2021-இல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது.

66-ஏ பிரிவின் பெயரால் அந்தப் பெண்கள் கைதான அதே 2012-இல், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, தம் எண்பத்தாறாம் வயதில், ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். மக்களுக்கு அந்தரங்க உரிமை என ஒன்று இல்லை என்று வாதிட அரசுத் தரப்பு அந்தப் பழைய 1954, 1962 தீர்ப்புகளையே துணைக்கழைத்தது. ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தனர். 2017 ஆகஸ்டு 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒரு குரலாகத் தீர்ப்பளித்தனர். சுப்பா ராவின் மாறுபட்ட குரல் அன்று நாட்டின் சட்டமாயிற்று. மாஜினியின் மணல் துகளிலிருந்து இந்த நாள் வரை எண்ணினால் 173 ஆண்டுகள். புட்டசாமி 2024-இல் மறைந்தபோது அவருக்கு வயது 98.

கடிதம் பெற்றவரின் கடமை

இதுவரை நாம் கண்டது ஆள்வோரின் கைகளை. உரிமைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகின்றனர். ஆனால் ஓர் உறையைப் பிரிக்கும் உரிமை உடைய கை ஒன்று உண்டு. அது, கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அவருடைய கை. அந்தக் கையை எந்தப் பசையும் தடுப்பதில்லை. பிரித்த பின் அவர் என்ன செய்கிறார் என்பதே கேள்வி.

நம் ஊர்களில் இதற்கென எழுதப்படாத ஒழுக்கம் ஒன்று இருந்தது. படிக்கத் தெரியாத தாய்க்கு, மலேயாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மகன் எழுதிய கடிதத்தை அஞ்சல்காரரோ ஆசிரியரோ படித்துச் சொல்வார். மகன் அனுப்பிய பணம் எவ்வளவு, மருமகள்மேல் அவனுக்கு என்ன மனத்தாங்கல் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதைத் தெருவில் சொல்பவர் அடுத்த கடிதத்தைப் படிக்க அழைக்கப்படமாட்டார். திருமணக் கடிதத்தின் மூலையில் மஞ்சள் இருந்தது. சாவுச் செய்தி தாங்கிய அட்டையின் விளிம்பில் கறுப்பு மை இருந்தது. கறுப்பு மை இட்ட அட்டையைப் படித்தவுடன் கிழித்துப்போடுவதே வழக்கம், வீட்டில் வைத்திருப்பதில்லை. துயரத்தை அறிந்துகொள்ள வேண்டும், போய் நிற்க வேண்டும். அதைச் சேமித்து வைத்துச் சுற்றுக்கு விடலாகாது என்பதை அந்தக் கிழிசல் நமக்குக் கற்பித்தது.

அக்காலத்தில் குற்றமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மொட்டைக் கடிதம் என்னும் சொல்லை நமக்குத் தந்ததும் அக்காலந்தான். பெயரில்லாத அந்தத் தாளால் நின்றுபோன திருமணங்கள் உண்டு. கெட்டுப்போன நற்பெயர்கள் உண்டு. இன்ன தெய்வத்தின், இன்ன புனிதரின் பெயரால் இதைப் பத்துப் பேருக்கு எழுதி அனுப்பினால் நன்மை, அனுப்பாவிட்டால் கேடு என்று அச்சுறுத்திய சங்கிலிக் கடிதங்களும் வந்தன. நம் ஆலயங்களின் இருக்கைகளிலும் அவை கிடந்ததுண்டு. ஆனால் சங்கிலிக் கடிதம் எழுதுவோர் பத்து அட்டை வாங்க வேண்டும். பத்து முறை கைநோக எழுத வேண்டும். மூன்றாவது அட்டையிலேயே பலருக்கு அறிவு தெளிந்துவிடும். தீமைக்கும் உழைப்புத் தேவைப்பட்ட காலம் அது. இன்று அந்த உழைப்பு ஒரு விரலின் தொடுதலாகச் சுருங்கிவிட்டது.

2018: இரண்டு ஊர்கள்

2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் நிறுவனம் தன் செய்திகள் அனைத்தையும் முழுமையாக மறைகுறியாக்கியது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும், அந்த நிறுவனமே ஆயினும், உள்ளடக்கத்தைப் படிக்க இயலாது. மாஜினி கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். உடைக்க இயலாத உறை ஒன்று உலகுக்குக் கிடைத்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில், அந்த உறைக்குள் வைத்து நாம் என்ன அனுப்பினோம் என்பது வெளிப்பட்டது.

குழந்தை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்னும் செய்தி 2018-இல் இந்தியாவின் பல மாநிலங்களில் கைப்பேசி கைப்பேசியாகப் பரவியது. உடன் ஒரு காணொளியும் வந்தது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கின்றனர். அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பைக் குறித்துப் பெற்றோரை எச்சரிப்பதற்காக நடித்து எடுக்கப்பட்ட படம். அதன் முடிவில் அவர்கள் திரும்பிவந்து குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவர். அந்த முடிவை யாரோ வெட்டி எறிந்தனர். அக்கறையால் எடுக்கப்பட்ட படம், கடைசிச் சில நொடிகளை இழந்ததால் கொலைக் கருவியாயிற்று.

அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, உறவினரோடு குலதெய்வக் கோயிலைத் தேடிவந்த சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பாட்டிமார் எந்த ஊரிலும் செய்வது அது. ஊரார் திரண்டு அடித்ததில் அவர் இறந்தார். ஜூலை முதல் நாள் மகாராட்டிர மாநிலம் துலே மாவட்டத்து ராயின்பாடா என்னும் சிற்றூரில், ஊர் ஊராகச் சென்று இரந்துண்ணும் நாடோடிச் சமூகத்தார் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். அடித்தவர் சிலராயிருக்கலாம். ஆனால் அந்தச் செய்தி அவர்களை வந்தடைவதற்கு எத்தனையோ நல்ல மனிதர்களின் கைகளைக் கடந்து வந்திருக்கிறது. அவர்களுள் எவரும் கொலைகாரர் அல்லர். எதற்கும் சொல்லிவைப்போம் என்று எண்ணிய தாய்மார், எச்சரிக்கை நல்லதுதானே என்று கருதிய தந்தையர். உண்மையா என்று ஒருவரேனும் நின்று கேட்டிருந்தால் அவரோடு அந்தக் கிளை அறுந்திருக்கும்.

அதே ஜூலையில் அந்நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் மேலனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது. பல கை மாறிவந்த செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் சுருக்கியது. அதன்பின் அத்தகைய செய்திகளின் போக்குவரத்து 70 விழுக்காடு குறைந்தது என்று அதுவே அறிவித்தது. சற்றே கை நோகச் செய்தாலே பொய்யின் பெரும்பகுதி நின்றுவிடுகிறது! பத்து அட்டைகளின் பாடம் மீண்டும் மெய்யாயிற்று.

பொறுப்பின்மையின் விலை

இதன் பின்விளைவை நாம் ஊன்றி நோக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புதிய தகவல் தொழில்நுட்ப விதிகளை அறிவித்தது. நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால், ஒரு செய்தியை நாட்டில் முதன்முதலாக அனுப்பியவர் யார் என்பதைப் பெரிய செய்திச் சேவை நிறுவனங்கள் காட்டித்தர வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவ்வாறு செய்ய வேண்டுமாயின், குற்றமற்ற கோடிக்கணக்கானோரின் உறையிலும் அடையாளம் இட்டுவைக்க நேரும் என்று கூறி வாட்ஸ்அப் நிறுவனம் அவ்வாண்டு மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. அரசின் கையில் அந்த வாதத்தைக் கொடுத்தது யார்? பொய்யை உறைக்குள் வைத்து அனுப்பிய நாமேயல்லவா? ஒன்பது நீதிபதிகள் நிலைநாட்டிய உரிமையை மீண்டும் வழக்காடும் பொருளாக்கியவை, எண்ணற்ற கவனமற்ற விரல்களே. உரிமையும் கடமையும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள் என்று மேடைகளில் கேட்டுப் பழகிவிட்டோம். கடமைச் சக்கரம் கழன்றால் உரிமைச் சக்கரம் எங்கே போய் விழும் என்பதை 2018-உம் 2021-உம் நமக்குக் காட்டின.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் இருந்துவிடவும் இயலாது. 2023-இல் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் நம் இசைவின்றி நம் விவரங்களைக் கையாளலாகாது. தவறினால் 250 கோடி ரூபாய்வரை தண்டம் உண்டு. நல்லதே. ஆனால் தனிமனிதர் தம் சொந்த, குடும்பத் தேவைக்காகக் கையாளும் விவரங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. அது முறையே, நம் அடுக்களைக்குள்ளும் அரசு வந்து நிற்க வேண்டும் என்று எவரும் விரும்பமாட்டோம். அதேவேளையில் 1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தை நீக்கி அதே 2023-இல் வந்த புதிய சட்டத்திலும் இடைமறிக்கும் அதிகாரம் இருக்கவே செய்கிறது. ஆகவே ஆள்வோரை நோக்கி விழித்திருப்பது இன்னும் தேவை. வீட்டு வாசலோடு சட்டம் நின்றுவிடுவதால், அதற்கு உள்ளே நம் மனச்சான்று விழித்திருப்பதும் தேவை.

மருத்துவமனைப் படுக்கையில் மூக்கில் குழாயோடு கிடக்கும் முதியவரின் படம் உறவுக்குழுவில் வலம்வருகிறது. அவரிடம் யார் கேட்டார்கள்? தோழி நம்பிச் சொன்ன துயரத்தைத் திரையோடு படமெடுத்து மூன்றாம் நபருக்கு அனுப்புகிறோம். அவள் நமக்கு எழுதியது நம் பெயரை மட்டுமே உறையில் எழுதிய கடிதமல்லவா? தேர்வில் தோற்ற பிள்ளையின் மதிப்பெண், பிணக்குற்ற கணவன் மனைவியின் குரல்பதிவு, விபத்தில் சிதைந்த உடல் ஆகியவை எல்லாம் கறுப்பு மை இட்ட அட்டைகள். இவற்றைப் பிரித்தவர் ஆட்சியாளரும் அல்லர், ஒற்றரும் அல்லர்.

ஒரு செய்தி நம் கைக்கு வரும்போது மூன்று கேள்விகள் போதும். இது உண்மை என்று நமக்குத் தெரியுமா? இதற்கு உரியவர் நாம் அனுப்புவதை விரும்புவாரா? இதனால் முகந்தெரியாத எவரேனும் வருந்த நேருமா? இவற்றுள் ஒன்றுக்கேனும் நேர்விடை கிடைக்காவிட்டால், கை அங்கே நிற்கட்டும். நிறுவனம் இட்ட வரம்பு ஐந்து. நமக்கு நாமே இட்டுக்கொள்ளும் வரம்பு அதனினும் குறைவாக இருப்பதில் இழுக்கில்லை.

மாஜினி உறைக்குள் மணலை இட்டது, வேற்றார் எவரேனும் அதைப் பிரித்தார்களா என்று அறிவதற்கே. அவருக்கு எழுதிய நண்பர்களுக்கோ, அவர் அக்கடிதத்தைப் பிறரிடம் காட்டிவிடுவாரோ என்னும் ஐயம் எழவேயில்லை. கடிதம் பெற்றவரை எவரும் மணல் இட்டுச் சோதிப்பதில்லை. அந்த ஐயமற்ற நம்பிக்கைக்கு உரியவராக இருப்பதே இணையத்தில் நம் முதற்கடமை. நம் போளூரிலும் தொலைவிலுள்ள ராயின்பாடாவிலும் இறந்தவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நேர்மையான அஞ்சலியும் அதுவே.